27 நிமிடங்கள்

மைசூரில் வேனில் வந்துவிட்டதைப் பறவைகளைக் கொண்டு அறிவோர் உண்டு. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் குக்குறுவானின் ஒற்றைத் தாளக் கூவல் விடியலில் தொடங்கி நண்பகலையும் தாண்டி நீளும். நஞ்சன்கூடு வட்டத்து ஹதினாறு ஏரியில் குளிர்காலத்தைக் கழித்த பட்டைத்தலை வாத்துகள் ஒரு நாள் காலையில் அங்கே இரா. இமயத்தைக் கடந்து மங்கோலியப் புல்வெளிகளை நோக்கிப் புறப்பட்டிருக்கும். அரங்கனத்திட்டின் தீவுகளில் மஞ்சள் மூக்கு நாரைகளின் கூடுகளிலிருந்து குஞ்சுகளின் இரைச்சல் எழும். கடற்கரை இல்லாத ஊருக்குக் காவிரிக்கரையே கரை. அந்தக் கரையோர வயல்களின் மண்சரிவுகளைத் தேடி நீலவால் பஞ்சுருட்டான்கள் வருவதும் இப்பருவத்தில்தான்.

மானசகங்கோத்ரி வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவி ஒருவர் அப்பறவைகளைப் பார்க்க ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த நகுவனஹள்ளிக்குச் சென்றார். மன்னராட்சிக் கால மைசூரில் நடந்த இயற்கை அளவாய்வுகளே அவரது ஆய்வுப்பொருள். பகலெல்லாம் பழைய இதழ்களில் பறவைப் பெயர்களைப் படித்தவருக்கு அப்பெயர்களுக்குரிய உயிர்களைக் காண வேண்டும் என்ற ஆசை இயல்பாக எழுந்தது. நண்பர் ஒருவரிடம் தொலைநோக்கு லென்சுடன் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டார்.

நீலவால் பஞ்சுருட்டானை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. பச்சை உடல், சிவந்த கண், கண்ணை ஊடறுக்கும் கரிய பட்டை, செம்பழுப்புத் தொண்டை, நீல வாலின் நடுவே ஊசிபோல நீண்ட இரு இறகுகள். பறக்கும் தட்டானை வானிலேயே கவ்வி, கம்பியிலோ குச்சியிலோ வந்தமர்ந்து, இருபுறமும் அடித்துச் சாகடித்து உண்ணும். கொடுக்குள்ள குளவியாயின் அதனைத் தேய்த்து நஞ்சு நீக்கிய பின்பே விழுங்கும். கூட்டமாகக் கூடு அமைப்பது இதன் வழக்கம். அலகால் மண்ணைக் கொத்திக் காலால் பின்னே தள்ளிச் சரிவில் சுரங்கம் தோண்டும். அதன் நீளம் ஒரு மீட்டரையும் தாண்டும். சுரங்கத்தின் கோடியில் இருளில் வெண்ணிற முட்டைகள் கிடக்கும். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாத்து, மாறி மாறி இரை கொணரும்.

இவ்வளவும் ஒரு விவசாயியின் நிலத்து ஓரத்தில் நடக்கிறது. மண்ணை வெட்டினால் கூடு போயிற்று. நிலத்தைச் சமன்செய்தால் கூட்டமே போயிற்று. நகுவனஹள்ளியில் இவ்வாபத்தை உணர்ந்து பறவை ஆர்வலர்களும் வனத்துறையும் அவ்விடத்தைக் காக்க முன்வந்தது நல்ல செய்தி. (இடத்தின் பெயரை எழுதலாமா என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் நாளிதழ்களில் பலமுறை வெளிவந்துவிட்ட ஊர் அது. புதிதாகக் கண்டறியப்படும் கூட்டிடங்களுக்கே அந்த மறைப்பு தேவை.)

அன்று காலை அந்த மாணவி சரிவுக்கு மிக அருகில் அமர்ந்தார். அவருக்கு முன்பே யாரோ துளைகளுக்கு எதிரில் ஒரு காய்ந்த குச்சியை நட்டு வைத்திருந்தனர். பறவை வந்து அமர்வதற்கும், பின்னணி மங்கலாகப் படம் அழகுறுவதற்கும் செய்த ஏற்பாடு. அவர் எதிர்பார்த்ததற்கும் மேலாகவே பறவை ஒத்துழைத்தது. அலகில் ஒரு தட்டானுடன் குச்சியில் வந்தமர்ந்தது. எழுந்து ஒரு வட்டமிட்டது. மீண்டும் அதே குச்சிக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றைச் சமூக வலைத்தளத்தில் இட்டபோது வந்த பாராட்டு, அவரது இரண்டு ஆய்வுக் கட்டுரைகளுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம்.

சில வாரங்கள் கழித்து, கோப்புகளைச் சீர்செய்யும்போது அவர் படங்களை எடுத்த வரிசையிலேயே பார்த்தார். தட்டானின் இடப்பக்கப் பின்சிறகு நுனி ஒடிந்திருந்தது. முதல் படத்தில் அந்த ஒடிவு இருந்தது. பத்தாவதிலும் இருந்தது. ஐம்பதாவதிலும் அதே ஒடிவு, அதே தட்டான். முதல் படத்தின் நேரம் 7:12. தட்டானுடன் கூடிய கடைசிப் படத்தின் நேரம் 7:39. அடுத்த படத்தில் அலகு வெறுமையாக இருந்தது. இடையில் பறவை துளைக்குள் நுழையவே இல்லை. இரையைத் தானே விழுங்கிவிட்டது.

அழகிய வாழ்வின் பதிவு என்று அவர் கருதியிருந்த வரிசை வேறொன்றின் பதிவாக மாறியது. பறவை ஒத்துழைக்கவில்லை, காத்திருந்தது. வீட்டு வாயிலில் அந்நியர் ஒருவர் நிற்க, கையில் உணவுடன் வெளியே தவித்திருந்தது. உள்ளே எத்தனை குஞ்சுகள், அவை அதற்கு முன் எப்போது உண்டன, அவருக்குப் பின் எத்தனை பேர் அங்கே வந்தமர்ந்தனர் என்பன படங்களில் இல்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், கொல்வதும் பிடிப்பதும் மட்டும் அடங்கவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதும் இடையூறு செய்வதும் அதிலேயே அடங்குகின்றன. அந்த வரையறையை வேறொரு அத்தியாயத்திற்காக அவர் முன்பே படித்துக் குறிப்பெடுத்திருந்தார். சரிவின் முன் அமர்ந்திருந்த காலையில் அது நினைவுக்கு வரவில்லை.

அவரது ஆய்வின் நடுவே நிற்பவர் சலீம் அலி. 1939-40இல் மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளை அவர் அளவாய்வு செய்தார். அதன் பயன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக வெளிவந்தது. அக்கால முறைப்படி பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, சீட்டு எழுதி வைப்பதும் அப்பணியின் பகுதி. அதே மனிதர்தான் அரங்கனத்திட்டைக் கண்டு, அதனைக் காப்பிடமாக்கும்படி அரசை இணங்கச் செய்தார். 1940இல் அது சரணாலயம் ஆயிற்று, 2022இல் ராம்சர் தகுதியும் பெற்றது. துப்பாக்கி ஏந்தியவர் என்ன எடுத்தார் என்பதற்குச் சீட்டு உண்டு: இடம், நாள், பால். கேமரா ஏந்தியவர் எதையும் எடுக்கவில்லை என்றே நம்புகிறார். ஆதலால் அவரிடம் சீட்டு இல்லை. துப்பாக்கியைப் புகழ்வது இங்கே நோக்கமன்று. தான் தீங்கற்றவன் என்ற உறுதி ஒரு மனிதனை எவ்வளவு அருகில் கொண்டுபோய் அமர்த்துகிறது என்பதே கேள்வி.

அருகில் செல்வதே குற்றம் என்று கொள்வதும் சரியாகாது. அரங்கனத்திட்டில் வனத்துறைப் படகு நாரைக் கூடுகளுக்கு வியப்பூட்டும் அளவு நெருங்கிச் செல்கிறது. பறவை தலையைத் திருப்புவதுகூட இல்லை. கீழே பாறையில் முதலை வாய் திறந்து கிடக்கிறது. அதற்கும் படகு பொருட்டன்று. காவிரியின் குறுக்கே 17ஆம் நூற்றாண்டில் உடையார்கள் கட்டிய அணைக்கட்டால் உருவான அத்தீவுகளில் யாரும் இறங்குவதில்லை. படகு அன்றாடம் அதே வழியில் வருகிறது, அதே வேகத்தில் போகிறது. பறவைக்கு அந்தப் படகு ஆற்றின் ஒரு பகுதி. மண்சரிவின் முன் நாளொரு முகமாக, நாளொரு தொலைவில் வந்தமரும் மனிதர் அப்படி ஆக முடியாது.

மத்தூர் வட்டத்துக் கொக்கரே பெள்ளூரில் நெருக்கம் இன்னும் அதிகம். கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் தெருவோரப் புளிய மரங்களிலும் ஆல அரச மரங்களிலும் கூடு கட்டுகின்றன; கீழே மாடு கட்டியிருக்கும், பிள்ளைகள் விளையாடுவர். அவ்வூரார் அப்பறவைகளைப் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகள்கள் என்று சொல்வது வழக்கம். கூடு உள்ள புளிய மரத்தில் காய் பறிப்பதில்லை. அந்த உறவுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை ஊர் கொடுக்கிறது; வனத்துறை தரும் சிறு தொகை அதை முழுதும் ஈடுகட்டாது. 2007இல் அவ்வூர் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதற்குப் பல தலைமுறைகள் முன்பே இந்தக் கணக்கு தொடங்கிவிட்டது. படமெடுக்க வருபவரோ அதே மரத்தடியில் நின்று, அதே நெருக்கத்தை விலையின்றிப் பெற்றுத் திரும்புகிறார்.

தமிழ் வாசகர்க்கு இங்கே மா. கிருஷ்ணனின் நினைவு வராமற் போகாது. பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தானே அமைத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்தவர்; கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். ஆயினும் 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவர் எழுதிய பத்திகளில், ஓர் உயிர் எப்படித் தோன்றுகிறது என்பதைவிட என்ன செய்கிறது என்பதே மேலோங்கி நிற்கும். அந்த மாணவியின் படங்களிலும் பறவை என்ன செய்தது என்பது தெளிவாகவே இருந்தது. வரிசையாகப் பார்க்கும் வரை அது கண்ணில் படவில்லை. மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை நீக்குவதே படக்கலையின் வழக்கம். இங்கே உண்மை இருந்தது நீக்கப்பட வேண்டிய மற்றவற்றில். நினைவகத்தில் இடம் இல்லாதிருந்தால் அவையும் அன்றிரவே அழிந்திருக்கும்.

கூட்டருகே எடுத்த படங்களைப் பல போட்டிகள் இன்று ஏற்பதில்லை. கூட்டுப் படங்களால் அறிவியல் பெற்றது அதிகம் என்பாரும் உண்டு. முன்னோடிகள் பலர் மறைவிடம் அமைத்து, நாட்கணக்கில் பறவையைப் பழக்கியே அப்படங்களை எடுத்தனர். அது உண்மைதான். ஆனால் நாட்கணக்கில் அமர்ந்தவரிடம் அந்நாட்களின் குறிப்பேடு இருந்தது. ஒரு ஞாயிறு காலை வந்து போகிறவரிடம் இருப்பது ஒரு படம்.

மறு ஆண்டு மாசியில் அவர் மீண்டும் நகுவனஹள்ளிக்குச் சென்றார். கேமரா இல்லை, இருவிழி நோக்கியும் குறிப்பேடும் மட்டும். பாதையோரத்தில், சரிவு ஒரு கோடாகத் தெரியும் தொலைவில் நின்றார். துளைகள் அங்கிருந்து புள்ளிகளே. பறவை வருவதும், கம்பியில் கணநேரம் அமர்வதும், புள்ளிக்குள் மறைவதும் தெரிந்தன. அலகில் இருந்தது தட்டானா குளவியா என்று அறிய முடியவில்லை. குறிப்பேட்டில் நேரங்கள் மட்டும் வரிசையாக ஏறின: 6:51 உள்ளே, 6:52 வெளியே, 6:58 உள்ளே, 6:58 வெளியே. ஏழரை மணிக்கு லென்சுடன் இருவர் சரிவை நோக்கி நடந்து வந்தனர். அவர் பாதையை விட்டு இறங்கி, அவர்களிடம் பேசப் போனார்.