பேர் மாற்றாத கார்

திருப்பூரிலிருந்து மங்கலம் வரும் சாலையில் பனியன் கம்பெனி போர்டுகளுக்கு அடுத்தபடியாக என் கண்ணில் படுவது 'ஆட்டோ கன்சல்டிங்' போர்டுகள்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவியின் ஊரான இங்கே குடிவந்த புதிதில், கன்சல்டிங் என்றால் ஏதோ ஆலோசனை சொல்லும் இடம் என்றுதான் நினைத்தேன். பழைய வண்டி வாங்கி விற்கிற கடைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர் என்று மனைவி சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கடைகளுக்கே போகாமல், கமிஷன் மிச்சம் என்று ஆளுக்கு ஆள் நேராக விற்று வாங்குகிற வண்டிகளும் ஏராளம். எங்கள் பக்கத்து வீதியில் விசைத்தறி ஓட்டும் தம்பி ஒருவர் அப்படித்தான் ஒரு மாருதி ஸ்விஃப்ட் வாங்கினார். விலை 2 லட்சத்து 60 ஆயிரம். விற்றவர் கையில் சாவி இருந்தது, ஆர்.சி. புத்தகம் இருந்தது, கையெழுத்து மட்டும் போட்டு மற்றதெல்லாம் காலியாக விட்ட படிவம் 29-ம் 30-ம் இருந்தன. ஆர்.சி.யில் இருந்த பெயரோ விற்றவருடையது அல்ல. ஈரோடு பக்கத்துப் பெரியவர் ஒருவருடையது. அவரிடம் வாங்கியவர் பேர் மாற்றாமலே இவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். இவரும், தறிக்கூலி உயர்வு கைக்கு வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எட்டு மாதம் ஓட்டினார்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் பெரியவர் காலமாகி நான்கு மாதம் ஆன விஷயம் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படிவங்களோடு என் வீட்டுக்கு வந்தார். யாரோ ஒரு ஏஜென்ட் வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"அவரு இருக்கறப்ப போட்ட கையெழுத்து தானுங்க ஐயா. தேதி மட்டும் அவரு உயிரோட இருந்த மாசத்துல போட்டாப் போதுமாம். உங்க எழுத்து ஆபீசு எழுத்தாட்டவே இருக்கும். நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

"தம்பி, அதை நான் எழுத மாட்டேன்."

"ஒரு தேதி தானுங்களே ஐயா?"

ஒரு தேதிதான். முப்பத்து சொச்சம் வருஷம் நான் சம்பளம் வாங்கியதே தேதிகளைச் சரியாக எழுதியதற்குத்தான். காபி கொடுத்து உட்கார வைத்தேன். முகம் சுண்டிப் போய்விட்டது அவருக்கு. போட்டது முழுக்க மனைவியின் சீட்டுப் பணம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றி, அதன் பிறகுதான் விற்க முடியும். அதாவது, பணம் வாங்கியவரை விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்தின் வாசலில் இவர் போய் நிற்க வேண்டும்.

போய் நின்றார். துணைக்கு நானும் போனேன். மூத்த மகன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அப்பா வித்தது எங்களுக்குத் தெரியாதுங்க. ஆர்.சி. யாரு பேர்ல இருக்குதோ வண்டி அவங்களுது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரிடம் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. காகிதம் அவர் பக்கம்தான் பேசியது.

அப்போதுதான் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று சொன்ன தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதியது. வடக்கே ஒரு கார், பேர் மாற்றாமலே நான்கு முறை கைமாறியிருக்கிறது. 2009 மே மாதம் அது பின்னால் வரும்போது மோதி ஒருவர் இறந்துபோனார். நஷ்டஈடு யார் கொடுப்பது? நான் எப்போதோ விற்றுவிட்டேன் என்றார் முதல் உரிமையாளர். நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அடிபட்ட குடும்பம் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டியதில்லை என்றது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது.

"இந்த எட்டு மாசத்துல வண்டி எங்கயாவது மோதியிருந்தா, உங்கப்பா விட்டுட்டுப் போன சொத்து மேலதான் கேஸ் வந்திருக்கும் தம்பி" என்றேன். உள்ளேயிருந்து அவருடைய அம்மா வெளியே வந்தார். அதற்கப்புறம் பேச்சின் தொனியே மாறியது.

பிரான்சில் இருக்கும் என் வகுப்புத் தோழன் தன் பழைய பெஜோவை விற்ற கதையைச் சொல்லியிருக்கிறான். அங்கே ஆர்.சி.க்கு 'கார்த் கிரீஸ்', சாம்பல் அட்டை என்று பெயர். விற்கிற அன்று அதன் குறுக்கே கோடு போட்டு, விற்ற தேதி, மணி வரைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு விற்றால் நாலு மணி விபத்துக்கு அவன் பொறுப்பில்லை. மறைந்திருக்கும் குறைக்கு விற்றவனே பொறுப்பு என்று 1804-ல் வந்த அவர்களுடைய சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. நம்முடைய 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமோ வெள்ளைக்காரன் வழி. பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவன் பாடு. கன்சல்டிங் கடையில் வாங்கினால் நுகர்வோர் ஆணையத்துக்காவது போகலாம். அந்தக் கடைகளுக்கும் 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்து அலுவலக அங்கீகாரம், வண்டி ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் என்று விதி வந்திருக்கிறது. தனி ஆளிடம் வாங்கியவருக்கு அதெல்லாம் கிடையாது. சிவில் கோர்ட்தான் கதி. அங்கே போய்த் திரும்புவதற்குள் கார் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் பாக்கி, இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் தெரியும். பைனான்ஸ் பெயர் இருந்தால் படிவம் 35 கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அடிப்பட்டையில் சேற்றுக் கறை சொல்லிவிடும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். எதிராளிக்கு ஆன சேதத்துக்கான காப்பு தானாக வந்துவிடும். சொந்த வண்டிக்கு ஆன சேதத்துக்கு வராது. ஆர்.சி.யில் இருப்பவரை நேரில் பார்க்காமல் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

பெரியவரின் வாரிசுச் சான்றிதழ் தாலுகா ஆபீசில் கிடைத்துவிட்டது. அம்மாவும் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செலவுக்கென்று 20 ஆயிரம் கேட்டார்கள், 12-க்கு ஒத்துக்கொண்டார்கள். விற்றவருடைய செல்போன் இன்னும் 'ஸ்விட்ச் ஆஃப்'. பெங்களூரில் இருக்கும் மகள் ஆடி நோம்பிக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை கார் தறிக்குடோனில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. சாவியை அவர் மனைவி வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்.