உருமாறியவர் நாம்

ஜப்பானிய நாட்டுக் கதைகளில் தனுக்கி என்னும் பிராணி வேண்டிய உருவெடுக்க வல்லது. இசாவ் தகஹாதா 1994-இல் இயக்கிய ‘போம் போக்கோ’ சித்திரப்படத்தில், டோக்கியோவையடுத்த தமா குன்றுகள் வெட்டப்பட்டுப் புதுநகர் எழுகிறது. தனுக்கிகள் பேய் ஊர்வலம் நடத்தி அச்சுறுத்துகின்றன. மக்களோ அதனை வேடிக்கையாகவே கொள்கின்றனர். இறுதியில் உருமாற வல்லவை மனிதராகி அலுவலகம் செல்கின்றன. மற்றவை வாழ இடமின்றி அலைகின்றன.

இஃது அந்நியக் கதையன்று. 1970-இல் சிட்கோ நிறுவப்பெற்றது. ஆக்ரி, கோலி மக்களின் வயல்களும் உப்பளங்களும் நவி மும்பையாயின. நமது ஐரோலியும் அவ்வாறு எழுந்ததே. பிழைப்பின்பொருட்டு மொழியும் உடையும் மாற்றிக்கொண்ட நாமும் உருமாறியவரே. ஊரிழந்தோர் துயரை நாமன்றி யார் உணர்வர்? நம் குலதெய்வக் கதைகளோடு, திவா கோலிவாடாவின் பழங்கதைகளையும் நம் மக்கள் கேட்டறிதல் நன்று.