உஸ்தாதும் ஒஸ்தாவும்

உம்ராவுக்குச் செல்லும் வழியில் இஸ்தான்புல் நகரில் இரண்டு நாட்கள் தங்கும் பாக்கியம் கிடைத்தது. மதீனாவுக்கு வந்த பெருமானார் (ஸல்) அவர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்து உபசரித்த அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்கள் அந்நகரின் அய்யூப் பகுதியில் அடங்கியிருக்கிறார்கள். 1453இல் நகரை வென்ற சுல்தான் முஹம்மது, 1458இல் அவ்விடத்தில் பள்ளிவாசல் எழுப்பினார். இன்று நாம் காண்பது 1800இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது.

ஜியாரத்தை முடித்த பின், இஹ்ராமுக்கு முன் தாடியைச் சீர்செய்துகொள்ள எண்ணி அருகிலிருந்த முடிதிருத்தும் கடையொன்றுக்குச் சென்றேன். அரபு கற்ற துருக்கிய இளைஞர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார்.

சுவரில் இரண்டு சட்டங்கள் தொங்கின. ஒன்று, அத்தொழிலில் தேர்ந்தவர் என்பதற்கு அரசு வழங்கிய 'உஸ்தா' சான்றிதழ். மற்றொன்றில் ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்களின் திருநாமம். உஸ்மானியர் காலத்துத் தொழிற்குழுக்களின் வழிவந்த மரபில், நாவிதர்கள் அந்த ஸஹாபியையே தங்கள் தொழிலின் பீராகப் போற்றுகின்றனர்.

கடைக்காரரின் பாட்டனாரும் தந்தையாரும் இத்தொழிலையே செய்தவர்கள். பாட்டனார் சுன்னத் செய்வதிலும் பல் பிடுங்குவதிலும் கைதேர்ந்தவராம். பேரர் சிறுவனாகக் கடைக்குள் நுழைந்தபோது துடைப்பமும் தேநீர்த் தட்டுமே அவர் கைக்குக் கிடைத்தன. 'சிராக்' என்னும் மாணவனாக இருந்து, 'கல்ஃபா' என்னும் துணைவராகி, அதன் பின்னரே 'உஸ்தா' ஆனார்.

பிஸ்மி சொல்லி வலப்புறத்திலிருந்து தொடங்கினார். வெந்நீர்த் துணியால் முகத்தை ஒற்றினார். எலுமிச்சை மணக்கும் கொலோனை என் உள்ளங்கையில் ஊற்றினார். பணி முடிந்ததும், உடல்நலம் உண்டாகட்டும் என்று அவர்கள் மொழியில் வாழ்த்தினார். 'சிஹ்ஹத்' என்ற நமக்குப் பழகிய சொல் அதில் ஒலித்தது.

எவர் வந்தாலும் இத்துணைப் பரிவா என்று வினவினேன். "கழுத்தை நீட்டுகிறவர் தம் உயிரையே என்னிடம் அமானத்தாகத் தருகிறார். அவர் செல்வரா ஏழையா என்று நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றார்.

'உஸ்தா' என்ற சொல் என்னை உறுத்தியது. மத்ரஸாவில் மாணவர்கள் என்னை 'உஸ்தாத்' என்று எழுந்து நின்று அழைக்கின்றனர். கிழக்கிலங்கையில் உள்ள எங்கள் ஊரில் முடி களைபவரை 'ஒஸ்தா' என்கிறோம். மூலம் ஒன்றே; ஆனால் மரியாதை ஒன்றா?

என் மூத்த மகனுக்குச் சுன்னத் செய்தவர் எங்கள் ஒஸ்தாதான். அன்றைய விருந்தில் அவருடைய ஸஹனில் உடன் உண்ண ஒருவரும் அமரவில்லை. அவரும் அவர் மகனும் தனியே உண்டனர். தொழிலால் எவரும் தாழ்ந்தவரல்லர் என்று நாள்தோறும் பாடம் நடத்தும் நானும் அமரவில்லை. தமக்கு முடி களைந்தவரிடமே சில ஒழுங்குகளைக் கற்றதாக இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூறிய நிகழ்ச்சியைக் கிதாபில் ஓதிக்கொடுத்தவனும் நானே!

உம்ரா முடிந்து ஊர் திரும்பியதும் ஸம்ஸம் நீரோடும் பேரீச்சம்பழத்தோடும் அவர் வீட்டுக்குச் சென்றேன். "அஸ்ஸலாமு அலைக்கும், உஸ்தாத்" என்றேன். எனக்குப் பின்னால் வேறு யாரோ ஆலிம் வருகிறார் போலும் என்றெண்ணி, அவர் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார்.