எந்த மில்லிமீட்டர்?

ஜனவரி 4, ஞாயிறு

டூல் ரூமில் ஒரு மில்லிமீட்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள். டிராயிங்கில் கொடுத்த அளவுக்கு 0.02 மில்லிமீட்டர் கூடினாலே பீஸ் ரிஜெக்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஸ்பெக்ஷன் மேஜையிலேயே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய கேமராவோ, பூவை நெருங்க நெருங்க, "உனக்கு ஒரு மில்லிமீட்டர்தான், அதுவும் முழுசாக இல்லை" என்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூ தன் சொந்த அளவிலேயே சென்சார் மேல் விழும்படி நெருங்கிப் போய், லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் என் கேமராவில் சுமார் 0.6 மில்லிமீட்டர். எஃப் 16-க்குப் போனால் அது இரண்டு மடங்காகும். ஆனால் அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் பட்டுப் பரவி, படம் மொத்தமும் கொஞ்சம் மழுங்கிவிடும். ஆக, மீதியெல்லாம் கலங்கித்தான் போகும். எந்த மில்லிமீட்டரை வைத்துக்கொள்வது, எதைக் கைகழுவுவது என்பதுதான் இந்த வேலை. வாழ்நாள் முழுக்க எல்லா அளவும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டவனுக்கு இது கொஞ்சம் குசும்பான பாடம்.

கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் 25 சென்டிமீட்டர் வரை நெருங்க விடுகிறது. அந்தத் தூரத்தை லென்ஸின் முனையிலிருந்து அளக்கக் கூடாது, சென்சாரிலிருந்து அளக்க வேண்டும். அதற்காகவே கேமராவின் மேல்புறத்தில் ஒரு வட்டத்தைக் குறுக்குக்கோடு வெட்டும் குறி போட்டிருக்கிறார்கள். அளக்கிறவன் எவனோ கூட இருந்திருக்கிறான் என்று சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

எக்ஸ்டென்ஷன் ட்யூப் வந்துவிட்டது. 12, 20, 36 மில்லிமீட்டர் என்று மூன்று வளையங்கள். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் காற்று. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி லென்ஸை முன்னால் தள்ளி நிறுத்துவதுதான் இதன் வேலை. 50 மில்லிமீட்டர் லென்ஸில் 36 வளையத்தைப் போட்டால் 36-ஐ 50-ஆல் வகுத்து 0.72, லென்ஸுக்கென்று இருக்கும் 0.2-ஐக் கூட்டினால் ஏறக்குறைய பூவின் முழு அளவு. தனி மேக்ரோ லென்ஸ் விலையை நினைத்தால் இது கொசுறு. பதிலுக்கு ஒளியைப் பிடித்துக்கொள்கிறது: முழு அளவில் எடுக்கும்போது சென்சாருக்கு வந்து சேர்வது கால் பங்குதான்.

முதல் பூ, காலி மனையில் கிடந்த வெட்டுக்காயப் பூண்டு. பேத்திக்கு அது தாத்தாப்பூ. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் மண்ணையெல்லாம் பட்டா போட்டுக்கொண்ட களை. நின்றபடி பார்த்தால் மஞ்சள் நடுவும் வெள்ளை ஓரமுமாக ஒரு பூ. நெருங்கினால் அது ஒரு பூவே இல்லை. ஓரத்தில் வெள்ளை இதழாகத் தெரிவது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. நுனியில் மூன்று பல். நடுவிலுள்ள மஞ்சள் ஒரு கும்பல்: ஒவ்வொன்றும் ஐந்து முனை விரித்த குட்டிக் குழாய், வெளிவட்டம் முதலில் மலர்ந்து உள்வட்டம் இன்னும் மொட்டாக.

வெள்ளை ஓரத்தை ஃபோக்கஸ் செய்தால் மஞ்சள் மேடு புகையாகிறது. மேட்டின் உச்சியைப் பிடித்தால் ஓரம் போயே போச்சு. நான் மலர்ந்த வெளிவட்டத்தைப் பிடித்தேன். அன்றைக்கு அங்கேதான் மகரந்தம் இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

ஆட்டோ ஃபோக்கஸை அணைத்தாயிற்று. இந்த நெருக்கத்தில் அது முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கிறது. லென்ஸை ஓர் அளவில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தி, தெளிவு வரும் நொடியில் அமுக்குவதுதான் வழி. மூச்சை விட்டு, அடுத்ததை இழுக்குமுன்.

பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவோரம் தும்பை கொழித்துக் கிடக்கிறது. காற்றில்லை என்று நாம் நினைக்கும் நேரத்திலும் தும்பைக்குக் காற்று உண்டு. தண்டு ஒரு மில்லிமீட்டர் ஆடினால் படத்திலும் ஒரு மில்லிமீட்டர் ஆடுகிறது. சென்சாரின் மொத்த அகலமே 22 மில்லிமீட்டர். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது, செடியின் நடுக்கத்துக்கு ஒன்றும் இல்லை. ஆவடி லோக்கல் கடந்தால் தெரு முழுக்க ஒரு முறை தலையாட்டி ஓய்கிறது. விடிந்ததும் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம். வெயில் ஏறிய பிறகு குனிந்து கிடப்பது முதுகுவலிக்குத்தான் லாபம்.

தும்பையின் கீழுதடு வெள்ளையாக விரிந்து வண்டு இறங்க இடம் கொடுக்கிறது. மேலுதடு சின்னதாக, ரோமம் அடர்ந்து கவிந்திருக்கிறது. மகரந்தத் தாள்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. தேனுக்குத் தலையை விடும் பூச்சியின் மேல் மகரந்தம் ஒட்டிவிடும். அந்த ரோமம்தான் நான் வைத்துக்கொண்ட மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு அது இருப்பதே தெரியாது.

"என்னா சார், நிலம் அளக்குறீங்களா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். ட்ரைபாடைப் பார்த்துக் கேட்டது. தும்பைப் பூ என்றேன். "அதுக்கா?" என்று கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

ஜனவரி 14, புதன், போகி

ஊரெல்லாம் புகை. தொண்டை கரகரக்கிறது. படம் எடுக்கிறவனுக்கு மட்டும், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இன்றைய காலை வெளிச்சம் அருமை. சூரியன் எங்கே என்று தெரியாத வெள்ளை வானம். நிழலுக்கு ஓரமே இல்லை. மற்ற நாளில் இதற்காக ட்ரேசிங் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வீட்டு வாசலிலேயே நந்தியாவட்டையும் செம்பருத்தியும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். நந்தியாவட்டையை அதன் போக்கில் விட்டால் அழுக்கு வேட்டி நிறத்தில் வருகிறது. ஒரு ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை. செம்பருத்தியில் சிக்கல் வேறு: மொத்த வெளிச்சம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நரம்பெல்லாம் மறைந்து வெறும் சிவப்புத் தகடாகிவிடுகிறது. ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்த்து ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும்.

மத்தியானம் புகைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு மா. கிருஷ்ணனைப் படித்தேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர். 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் பத்தி எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். யானைப் படங்களால்தான் அவரைப் பலருக்குத் தெரியும். படித்தது தாவரவியல், நீலகிரி, பழனி மலைச் செடிகளைப் பற்றி நூல் எழுதிய பைசன் அவருக்கு மாநிலக் கல்லூரியில் ஆசிரியர். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கருவி கூட்டு வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை போலும். கடையில் என்னிடம் மெகாபிக்சலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள், பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பூந்தமல்லி. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வீட்டுக்காரியோடு. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, காஞ்சி வரதருக்கு எடுத்துப் போவார் என்கிறது குருபரம்பரைக் கதை. தாயார் பெயரும் புஷ்பவல்லி.

வெளியே பூக்கடையில் மல்லி தங்க விலை. பனிக்காலத்தில் வரத்து குறைந்துவிடும். "அக்கா, விரிஞ்ச மல்லி கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டேன். "விரிஞ்சத யாருண்ணா வாங்குவாங்க? மொட்டாத்தான் வரும், தலையில போய் விரியும்." உண்மைதான். சரத்தில் வரும் பூ நெருங்கிப் பார்ப்பதற்கானது இல்லை. மணத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஆனது. கேமராவுக்கு அது ஒன்றும் தரவில்லை. சாமந்தி வாங்கினேன். வெட்டுக்காயப் பூண்டுக்குச் சொந்தக்காரப் பூ. இதிலும் ஒவ்வோர் இதழும் ஒரு பூ.

"ரோட்டுல படுத்து எடுக்கிறதுக்கு, பறிச்சு வீட்டுல வச்சு எடுத்தா என்னங்க?" என்றாள் பஸ்ஸில். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்று ஒருவர் அப்படித்தான் செய்தார். 1865-இல் பிறந்தவர், இளமையில் இரும்பு வார்ப்பாலையில் வேலை பழகியவர். பெர்லினில் கலைத்தொழில் மாணவர்களுக்கு வடிவம் சொல்லிக்கொடுக்க, செடிகளை வெட்டி, வேண்டாத இலையைக் கிள்ளி, வெற்று அட்டை முன் நிறுத்தி, தானே செய்த மரக் கேமராவால் பல மடங்கு பெரிதாக எடுத்தார். 1928-இல் அவற்றில் 120 படங்கள் புத்தகமாக வந்து, அறுபது வயதைத் தாண்டிய வாத்தியார் திடீரென்று பிரபலமானார். அவர் எடுத்த பெரணிச் சுருளைப் பார்த்தால் வார்ப்பிரும்புக் கிராதி என்றே நினைக்கத் தோன்றும். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனாலும் அந்தப் படங்களில் பூச்சி வராது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கரையான்சாவடி தாண்டித் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

திருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் கோயில் தலக்கதையில் தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் வெட்டப்போய் லிங்கம் தெரிகிறது. சன்னிதி முன்னால் எருக்கந்தூண்கள் இரண்டு. எருக்கு அவ்வளவு பருக்குமா என்று ஒவ்வொரு முறையும் வியப்பேன். அது சாமி சமாசாரம். உயிரோடு இருக்கும் எருக்கு வெளியே சாக்கடை ஓரத்தில், லாரி தூசி படிந்து நிற்கிறது.

பாலில் எச்சரிக்கை வேண்டும். கண்ணில் பட்டால் விழியைப் புண்ணாக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தேன்.

இந்தப் பூவைப் போல ஒரு ஃபிக்ஸ்ச்சரை எங்கள் எஸ்டேட்டில் யாரும் வடித்ததில்லை. மல்லாந்த ஐந்து இதழ். நடுவில் எழும் மகுடத்துக்கு ஐந்து மடிப்பு. உச்சியில் ஐங்கோண மேடை. மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையில், மேடையின் மூலைக்குக் கீழே, ஒரு நெட்டுப் பிளவு. தேன் தேடி வரும் பெரிய கருவண்டு பிடிமானத்துக்குக் காலை ஊன்றும்போது கால் அந்தப் பிளவுக்குள் இறங்கும். இழுத்தால் பிளவு அதை மேலே மட்டுமே போக விடும். பிளவின் தலையில் கருப்பாக ஒரு கவ்வி. அதில் பொட்டலமாகக் கட்டிய மகரந்தப் பைகள் இரண்டு. கால் விடுபடும்போது கவ்வியும் கூடவே வந்துவிடும். அடுத்த பூவில் அதே மாதிரிப் பிளவில் அந்தப் பை போய்ச் சொருகிக்கொள்ள வேண்டும். மகரந்தம் தூளாகப் பறக்கும் சமாசாரமே இங்கே இல்லை. வலுவில்லாத சின்னப் பூச்சியானால் சில சமயம் காலை மீட்க முடியாமல் அங்கேயே சாகும்.

அந்தக் கவ்வி குண்டூசித் தலையைவிடச் சின்னது. அதற்காக மற்ற எல்லாவற்றையும் விட்டேன்: இதழின் ஊதா, தூசி, பின்னால் நின்ற ஆட்டோ. கவ்வி கிடைத்தது. வண்டு வந்தபோது கிளை ஊஞ்சலாடியது. அதன் கனத்துக்குக் கிளை அடங்கும்வரை அது காத்திருக்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

உடம்பை ஆட்டி ஃபோக்கஸ் பிடிப்பது இனி முடியாது. எஸ்டேட்டில் லேத் போட்டிருக்கும் பழைய சிநேகிதரிடம் போனேன். கேமராவைத் தாங்கி, ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக நகரும் சிலைடு வேண்டும். கடையில் ஃபோக்கஸிங் ரெயில் என்று விற்கிறார்கள், ஆட்டம் அதிகம். "யோவ், எம்6 மரை போட்டா ஒரு சுத்துக்கு ஒரு மில்லி. டயல்ல அம்பது கோடு வெட்டித் தரேன், ஒரு கோடு ரெண்டு நூறு" என்றார். ரெண்டு நூறு என்றால் 0.02. காது குளிர்ந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரெயில் கைக்கு வந்தது. அலுமினியத் துண்டில் டவ்டெயில் வெட்டி, பித்தளைப் பட்டை கொடுத்து இறுக்கியிருக்கிறார். டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், பின்னாட்டம் இல்லை. ஜன்னலோரம் சாமந்தியை வைத்து, கால் கால் மில்லிமீட்டராக நகர்த்தி வரிசையாக எடுத்துக் கம்ப்யூட்டரில் அடுக்கினால் முழுப்பூவும் தெளிவாக வருகிறது. சரியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்லாக் படம் போல இருக்கிறது. எருக்கில் நான் எடுத்த ஒற்றைக் கவ்விதான் எனக்குப் பிடிக்கிறது. எருக்கை வீட்டுக்குள் கொண்டுவரவும் அனுமதி இல்லை.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். காசு வேண்டாம், கடை சுவரில் மாட்ட ஒரு படம் போதும் என்றார். எருக்குப் படத்தைக் காட்டினேன். கவ்வியை, பிளவை, வண்டுக்கால் போகும் வழியை எல்லாம் விளக்கினேன். தொழில்காரர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஜிக்கு நல்லா பண்ணியிருக்கான். ஆனா கடையில எருக்கு வேணாம்யா, எங்கூட்டம்மா திட்டும். ஒரு ரோஜா எடுத்துக் குடு."

ரோஜாவில் எந்த அடுக்கு தெளிவாகத் தெரிய வேண்டும், வெளி இதழா, நடுச் சுருளா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எடு. அதுக்குத்தானே ரெயிலு?"