ஈசுவரன் பெயர் வாழும் நக்கோன் சி தம்மராட்

தாய்லாந்து என்றால் நம்மில் பலருக்கு ஹட்ஞாய் கடைத்தெருதான் நினைவுக்கு வரும். அடுத்த பள்ளி விடுமுறையில் அங்கிருந்து இன்னும் சுமார் 3 மணி நேரம் வடக்கே போய் வாருங்கள். ரயிலும் உண்டு, வேனும் உண்டு. நக்கோன் சி தம்மராட் என்னும் பழம்பெரும் நகரைக் காண்பீர்கள்.

1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற இடங்களுள் கடாரத்தோடு 'மாதமாலிங்க'மும் ஒன்று என்கிறது அவன் மெய்க்கீர்த்தி. அது இந்நகரை ஒட்டியிருந்த தாம்பிரலிங்க நாடு என்பது ஆய்வாளர் கருத்து.

முதலில் வாட் மகாதாட் சென்று பொன்முடி தரித்த பெரிய தாதுகோபத்தை வணங்குங்கள். மாசி, வைகாசிப் பௌர்ணமிகளில் ஊரே கூடி நீண்ட துணியை ஏந்தி வந்து அதற்குச் சுற்றுவது கண்கொள்ளாக் காட்சி. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள்.

அதே பெருவீதியில் 'ஹோ பிரா ஈசுவன்' என்ற சிறு கோயில் இருக்கிறது. ஈசுவன் வேறு யாருமல்லர், நம் ஈசுவரனே! உள்ளே சிவலிங்கம், அருகில் ஊஞ்சல் கம்பம், சாலைக்கு எதிர்ப்புறம் நாராயணன் கோயில். தாய்லாந்துப் பிராமணர்கள் நடத்தும் 'திரியம்பாவாய் திரிபவாய்' விழாவின் பெயர் நம் திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்ததே. பாட்டின் பொருள் மறந்தும் ஒலி மட்டும் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது.

மாட்டுத் தோலில் பொம்மை வெட்டி ஆடும் 'நங் தலுங்' நிழற்கூத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆட்டத் தொடக்கத்தில் காளை மீது ஈசுவன் வருவார். பிறகு தொந்திக் கோமாளி சிரிக்க வைப்பான். மறைந்த தேசியக் கலைஞர் சுச்சாட் சப்சினின் வீடே இப்போது பொம்மைக் காட்சிசாலை.

வெள்ளியில் கோலம் செதுக்கிக் கருமை நிரப்பும் 'தொம்' நகைகளும், 'யான் லிபாவ்' என்னும் கொடிப் பெரணியைக் கீறிப் பின்னும் கைப்பைகளும் இவ்வூரின் பெருமை. ஒரு பை முடிய எத்தனையோ நாள் உழைப்பு! விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். கைக்கூலியின் அருமை தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா?

பசிக்கு 'கனோம் சின்' இருக்கிறது. இடியாப்பம் போன்ற அரிசி நூலின் மேல் மஞ்சள், தேங்காய்ப்பால், மீன் சேர்ந்த குழம்பு. பக்கத்தில் தட்டு நிறையப் பச்சைக் காய்கள், சில கடைகளில் பெத்தாயும் உண்டு. காரத்துக்கு அஞ்சாதவர் 'கேங் தை பிளா' கேட்கலாம்.

ஊர் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். வரும் மார்கழியில் திருவெம்பாவையைப் பிள்ளைகளுக்குப் பொருளோடு சொல்லிக் கொடுங்கள். ஒலி மட்டும் மிஞ்சும் நிலை நம் வீட்டுக்கு வர வேண்டாமே!