பொன்னியின் செல்வனுக்கு எந்த பைண்டிங்? அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை ஒரு சுற்று

அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி... சென்னையின் மேற்குப் புறநகரில் பல வீட்டு ஷோகேஸ்களில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளுக்கும் நடுவே 'பொன்னியின் செல்வன்' நின்றுகொண்டிருக்கும். 2022-லும் 2023-லும் படம் வெளியானபோது புதிதாக வாங்கியவர்களும் நிறைய. ஆனால், அந்தப் புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். 'படக்' என்று முதுகு பிளக்கிறதா, அமைதியாகத் திறக்கிறதா? அதில்தான் இருக்கிறது அடுத்த தலைமுறைக்கு அது போய்ச் சேருமா என்பது.

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை ஓவியர் மணியத்தின் படங்களோடு தொடராக வந்த நாவல் இது. வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, சேர்த்து, பைண்ட் செய்து வைத்த குடும்பங்கள் பல. எங்கள் பாட்டியும் அப்படித்தான் சேர்த்துவைத்தார். அம்மா அதில்தான் படித்தார். நானும் அதில்தான் படித்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இப்போது கேட்கிறாள். தாளைத் தொட்டாலே அப்பளம்போல் நொறுங்குகிறது. எனவே, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். வாங்குவது இன்னும் ஐம்பது வருடமாவது நிற்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

1999-ல் கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாயின. அதன்பின் பல பதிப்பகங்களும் இந்த நாவலை வெளியிட்டுவருகின்றன. ஐந்து பாகங்களும் தனித்தனியாக, எல்லாம் ஒரே புத்தகமாக, சாதா அட்டையில், கெட்டி அட்டையில் என்று விதவிதமாகக் கிடைக்கின்றன. இதில் எதை எடுப்பது? கடைக்குப் போகும் முன், புத்தகத்தைக் கட்டுகிறவர்களைக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

அம்பத்தூர்: அட்டை அல்ல, முதுகு

முதல் நிறுத்தம் அம்பத்தூர் எஸ்டேட். 1960-களில் உருவான இந்தத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே அச்சகங்களும் உண்டு. அங்கே பைண்டிங் பகுதியில் முப்பது வருடமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர், அட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தை நிமிர்த்தி, தலைப்பக்கத்தை என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரமாக ஆக்குகிறார்கள். ஃபாரங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் நூல் விட்டுத் தைத்தால் அது தையல் பைண்டிங். மேலிருந்து பார்த்தால் முதுகு ஓரம் சின்னச் சின்ன வளைவுகளாகத் தெரியும். ஃபாரத்தின் நடுப்பக்கத்தை விரித்தால் நூலும் தெரியும். மடிப்புகளை வெட்டிவிட்டு, தாள்களைப் பசையால் மட்டும் ஒட்டினால் அது பசை பைண்டிங். மேலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோடு. இதற்கு மேல் கெட்டி அட்டையைப் போட்டுவிட்டால் வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பசை காய்ந்து விறைத்ததும் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும்.

தாளையும் பார்க்கச் சொன்னார். நியூஸ்பிரிண்ட் போன்ற மட்டமான தாளில் மரக்கூழின் லிக்னின் அதிகம். வெளிச்சம் பட்டால் சீக்கிரம் பழுப்பாகும். மேப்லித்தோ தாள் நாள்படத் தாங்கும். இன்னொன்று, உள் ஓர இடைவெளி. எழுத்து முதுகுக்குள் புதைந்திருந்தால், படிப்பதற்காகப் புத்தகத்தை அமுக்கி அமுக்கியே முதுகை உடைத்துவிடுவோம்.

ஆவடி: ஒன்றா, ஐந்தா?

அம்பத்தூரில் மின்ரயில் ஏறினால் அடுத்தது திருமுல்லைவாயல். அங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் உத்தம சோழர் காலக் கல்வெட்டு உண்டு. நாவலில் அவர் யார் என்று இங்கே சொன்னால், இன்னும் படிக்காதவர்கள் என்னை அடிக்க வருவார்கள்! அடுத்து அண்ணனூர், பிறகு ஆவடி.

ஆவடியில் ஒரு நூலகத்துக்குப் போனேன். ஒரு புத்தகம் எப்படித் தேய்கிறது என்பதை நூலக அலமாரியைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அங்கே 'புது வெள்ளம்' கந்தலாகி, மறுபடி காலிகோ துணி பைண்டிங் போட்டு நின்றது. 'தியாக சிகரம்' ஓரளவு புதிதாகவே இருந்தது. எல்லோரும் முதல் பாகத்தை எடுக்கிறார்கள். எல்லோரும் கடைசிவரை போவதில்லை. ஐந்தும் ஒரே புத்தகமாக இருந்திருந்தால், முதல் பாகம் கிழிந்தபோதே மொத்தமும் போயிருக்கும்.

2,000 பக்கங்களுக்கு மேல் உள்ள ஒற்றைத் தொகுப்புக்கு அதன் எடையே எதிரி. நிறுத்திவைத்தால் உள் தாள்கள் அட்டையை விட்டுக் கீழே தொங்கும். படுத்துக்கொண்டு படிக்கவும் முடியாது. தனித்தனிப் பாகங்கள் என்றால் வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம், சண்டையும் குறையும்.

பூந்தமல்லி: மறுபடி கட்டலாமா?

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரி வழியாகப் பூந்தமல்லிக்குப் பேருந்து. நீதிமன்றப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே கை பைண்டிங் செய்பவர் ஒருவரிடம் பாட்டியின் தொகுப்பைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வார இதழ்த் தாள் இனி ஊசியைத் தாங்காது; தைத்தால் தையல் வழியாகவே கிழியும். பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, எப்போதாவது திறந்து பாருங்கள், அது போதும் என்றார்.

புதுப் புத்தகம் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்னதுதான் இந்தச் சுற்றின் பலன். தையல் போட்ட புத்தகம் எத்தனை முறை அட்டை பிய்ந்தாலும், அதே ஃபாரங்களுக்கு வேறு அட்டை கட்டலாம். பசை பைண்டிங்கில் மடிப்பே இல்லாததால் தைக்க வழி கிடையாது. பக்கவாட்டில் துளைத்துத்தான் கட்ட வேண்டும், அப்புறம் விரியாது. அவர் காய்ச்சும் மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கிறார்.

வாங்கும்போது...

* ஜனவரிப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். ஆனால், பிளாஸ்டிக் உறை போட்டதை அப்படியே வாங்காதீர்கள். பிரித்துவைத்த பிரதியைக் கேட்டு, தலைப்பக்கத்தைப் பாருங்கள்.
* தையலா, பசையா என்று நேரடியாகக் கேளுங்கள். கெட்டி அட்டையில் பசை பைண்டிங் என்றால், அந்த விலைக்குச் சாதா அட்டையே மேல்.
* அலமாரியில் இறுக்கி அடைக்காதீர்கள். எடுக்கும்போது முதுகின் தலையைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கமும் பிடித்து எடுங்கள்.
* கீழ்த்தட்டு வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொரட்டூர், அம்பத்தூர் பகுதித் தெருக்களில் நின்ற தண்ணீர் நமக்கு மறந்திருக்காது. எவ்வளவு நல்ல தையலும் வெள்ளத்துக்கு முன் நிற்காது.

கடைசியில் நான் வாங்கியது ஐந்து பாகங்கள், கெட்டி அட்டை, தையல் பைண்டிங். சாதா அட்டைப் பதிப்பைவிட விலை கூடத்தான். அம்மா ஐந்தையும் விரித்துப் பார்த்து, நூலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். மகள் இப்போது 'சுழற்காற்று' படிக்கிறாள், புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் சாப்பிட வருகிறாள். அதற்கு எந்த பைண்டரிடமும் மருந்து இல்லை!