ஃபிரிட்ஜ்ல ஒரு மூலை

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஆப்டிடியூட் கோச்சிங், மாக் இன்டர்வியூ, ஃபார்மல் ஷூ கடன் வாங்குறதுன்னு ஹாஸ்டலே பரபரப்பா இருக்கு. இந்த நேரத்துல உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். ஆஃபர் லெட்டருக்கு அடுத்து வர்ற மெடிக்கல் ஃபிட்னஸ் படிவத்தை யாராவது முழுசா படிச்சிருக்கீங்களா? "நாள்பட்ட நோய் ஏதேனும் உண்டா? ஆம் / இல்லை." நம்மில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காம 'இல்லை'யில டிக் அடிச்சிட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். அந்தக் கட்டத்து முன்னாடி பேனாவைப் பிடிச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறவங்களும் இருக்காங்க. எங்க அண்ணன் அப்படி ஒருத்தர். அவருக்கு ஹீமோபிலியா.

பேரைக் கேட்டதும் 'சின்னதா கீறினாலே ரத்தம் கொட்டி உயிர் போயிடும்'னு ஒரு சினிமா பயம் வரும். அது அப்படி இல்லை. ரத்தம் உறையத் தேவையான புரதங்கள்ல ஒண்ணு குறைவா இருக்கும். எட்டாம் எண் ஃபேக்டர் குறைஞ்சா ஹீமோபிலியா ஏ, ஒன்பதாம் எண் குறைஞ்சா பி. ஏ வகை, பிறக்கிற ஆண் குழந்தைகள்ல சுமார் 5000 பேருக்கு ஒருத்தருக்கு வரும். ரத்தம் வேகமா வராது, நிக்க ரொம்ப நேரம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையான ஆபத்து வெளியில தெரியுற காயத்துல இல்லை, உள்ளே. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுக்குள்ள தானாவே ரத்தம் கசியும். திரும்பத் திரும்ப ஒரே மூட்டுல கசிஞ்சா அந்த மூட்டு தேஞ்சு மடங்காமப் போயிடும்.

இதுல ஒரு விஷயம் முக்கியம். வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே மூட்டுக்குள்ள ஒரு குறுகுறுப்பு தெரியும்னு அண்ணன் சொல்வார். வெளியில பார்த்தா ஒண்ணும் இருக்காது. அந்த நேரத்துலயே ஃபேக்டர் ஊசி போட்டுட்டா மறுநாள் வேலைக்குப் போகலாம். 'ஷிஃப்ட் முடியட்டும், பார்த்துக்கலாம்'னு விட்டா ஒரு வாரம் படுக்கை. அதாவது, ஆள் நல்லா இருக்கிற மாதிரி தெரியுறப்பதான் அவருக்கு அனுமதி தேவைப்படுது. இதை ஒரு சூப்பர்வைசருக்குப் புரிய வைக்கிறது இருக்கே!

அண்ணன் டிப்ளமோ மெக்கானிக்கல். முதல் வேலை ஓசூர் சிப்காட்ல ஒரு சின்ன கம்பெனி, பேர் வேண்டாம். படிவத்துல 'இல்லை'ன்னு போட்டுட்டுதான் சேர்ந்தார். பிரஸ் ஷாப், எட்டு மணி நேரமும் நின்னுகிட்டே வேலை, வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். மாசத்துல ரெண்டு நாள் கால் வீங்கும், லீவு போடுவார். ரெண்டு நாள் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் காலி. பணம் போனதைவிட, "என்னப்பா, திங்கக்கிழமையானா உனக்கு மட்டும் காய்ச்சல் வருது?"ன்னு லைன்ல எல்லார் முன்னாடியும் கேட்டதுதான் அவருக்கு வலிச்சது.

ஒரு நாள் முழங்கால்ல அடிபட்டு ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போனார். அங்கே இருந்தவங்க நல்ல மனசோட, வழக்கம்போல டிடி ஊசியும் வலி ஊசியும் எடுத்தாங்க. ரெண்டுமே தசையில போடுறது. ஹீமோபிலியா இருக்கிறவங்களுக்குத் தசையில ஊசி போட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிக்கும். டிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளும் ரத்தப்போக்கைக் கூட்டும். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. அண்ணன் வேற வழியில்லாம அந்த ரூம்லதான் முதல்முறையா வாயைத் திறந்து சொன்னார். அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கல. காரணம்னு எதுவும் எழுத்துல தரல.

இப்ப இருக்கிற கம்பெனி வேற. (இதுக்கும் பேர் போட வேண்டாம்னு அண்ணன் சொல்லிட்டார். பாராட்டுன்னா போடலாமேன்னு கேட்டேன், "பேர் போட்டா என்னையும் கண்டுபிடிச்சிடுவாங்கடா"ன்னார்.) இந்த முறை 'ஆம்'ல டிக் அடிச்சார். ஹெச்ஆர் மேடம் கூப்பிட்டு உட்கார வெச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம்: "உங்களுக்கு நாங்க என்ன பண்ணணும்?" வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அம்மா அழுதுட்டாங்க.

அவங்க பண்ணினது என்னன்னு கேட்டா உங்களுக்குச் சப்புன்னு இருக்கும். மெடிக்கல் சென்டர் ஃபிரிட்ஜ்ல ஒரு மூலை. ஃபேக்டர் மருந்து 2லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். பொடியை அதோட வர்ற தண்ணியில கலந்து, குலுக்காம மெதுவா உருட்டி, நரம்புல ஏத்தணும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அவரே போட்டுக்குவார். அடுத்தது, பிரஸ் ஷாப்புக்குப் பதிலா மெட்ராலஜி ரூம், ஸ்டூல்ல உட்கார்ந்து அளவு பார்க்கிற வேலை. இரவு ஷிஃப்ட் மாத்தி மாத்திப் போடுறதில்லை. குறுகுறுப்பு தெரிஞ்சா யார்கிட்டயும் விளக்கம் சொல்லாம எழுந்து போகலாம். நர்ஸ் மேசையில ஒரு அட்டை ஒட்டியிருக்கு: தசையில ஊசி கூடாது, தலையில அடிபட்டா முதல்ல ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். அந்த அட்டை நர்ஸுக்கும் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கும் மட்டும்தான் தெரியும். கேன்டீன்ல பக்கத்துல உட்கார்றவருக்குத் தெரியாது. அது அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை.

மொத்தச் செலவு எவ்வளவு வந்திருக்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க. விலை அதிகமான மருந்துக்குக் கம்பெனி ஒரு பைசா தரல. தமிழ்நாட்டுல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மூலமா ஃபேக்டர் இலவசமா கிடைக்குது. அதை வாங்கப் போற நாளுக்கு லீவு தர்றதுதான் கம்பெனியோட பங்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன். 1995ஆம் வருஷச் சட்டத்துல 7 வகைக் குறைபாடுகள்தான். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கிச்சு. ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூணும் உள்ளே வந்துச்சு. தனியார் உட்பட எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒண்ணு வெளியிடணும். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடம்னா அதுல சிறப்பு விடுப்பு, பணியிட ஒதுக்கீட்டுல முன்னுரிமை, ஒரு தொடர்பு அலுவலர், இதெல்லாம் இருக்கணும்னு 2017 விதிகள் சொல்லுது. சிப்காட்ல எத்தனை நோட்டீஸ் போர்டுல அது தொங்குதுன்னு நீங்க இன்டர்ன்ஷிப் போறப்ப பாருங்க.

ஆனா ஒரு ஓட்டையும் இருக்கு, எனக்கு இது சுத்தமா பிடிக்கல. அரசு வேலையில 4 சதவீத இடஒதுக்கீடு எந்தெந்தக் குறைபாட்டுக்குன்னு சட்டம் பட்டியல் போடும்போது ரத்தக் கோளாறு மூணையும் விட்டுட்டாங்க. உயர்கல்வியில 5 சதவீத ஒதுக்கீடு உண்டு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ சான்று இருந்தா. அதாவது காலேஜுக்குள்ள சேர்த்துக்குவாங்க, வெளியில வந்ததும் நீயே பார்த்துக்கோன்னு அர்த்தம். அந்த 40 சதவீதமும் மூட்டு எந்த அளவு கெட்டிருக்குன்னு பார்த்துதான் பெரும்பாலும் வரும். ஒழுங்கா சிகிச்சை எடுத்து மூட்டைக் காப்பாத்திக்கிட்டவருக்குச் சதவீதம் குறைவு! ஒரு ஆறுதல், 2021 பிப்ரவரியில யுபிஎஸ்சிக்கு எதிரா ஒரு தேர்வர் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒவ்வொருத்தருக்கும் ஏத்த மாதிரி நியாயமான வசதி செஞ்சு தர்றதுக்கு அந்த 40 சதவீத எல்லை கட்டாயமில்லை, அதை மறுக்கிறதே பாகுபாடு.

நம்ம ஊர் எல்லையில இருக்கிறதால இன்னொரு சிக்கல். இங்கிருந்து பாதிப் பேர் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி பொம்மசந்திரா, ஜிகினின்னு வேலைக்குப் போறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்தந்த மாநிலத்தோடது. இஎஸ்ஐ மத்திய அரசோடது, அதனால நம்பர் மாறாது. ஓசூர்லயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கு. சம்பளம் 21,000 தாண்டினா இஎஸ்ஐ கிடையாதுன்னு தெரிஞ்சிருக்கும். மாற்றுத்திறனாளிக்கு அந்த வரம்பு 25,000. நோய்வாய்ப்பட்டா வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீதச் சம்பளம் வரும். இது பல ஹெச்ஆருக்கே ஞாபகம் இருக்காது, நீங்க ஞாபகம் வெச்சுக்கோங்க.

எல்லா ரத்தக் கோளாறுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்னு நினைச்சுடாதீங்க. தலசீமியா மேஜர் இருக்கிறவருக்கு ரெண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏத்தணும். தேதி முன்கூட்டியே தெரியும், ஷிஃப்ட் சார்ட்ல அதைக் குறிச்சுட்டாலே பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. நீலகிரி கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள்கிட்ட காணப்படுற சிக்கிள் செல்லுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம்; தண்ணி குடிக்க நேரம் வேணும், குளிர்ல நிறுத்தக்கூடாது. உடம்பு வறண்டாலோ குளிர் அடிச்சாலோ தாங்க முடியாத வலி வந்துடும். ஓசூர் டிசம்பர்ல அதிகாலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு சொல்லத் தேவையில்லை. அதனாலதான் அந்த மேடம் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் முடியும்"னு சொல்றவங்களுக்கு: இதே ஓசூர்ல டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 80கள்ல தொடங்கின காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்துச்சு. அப்ப இந்தச் சட்டம் எதுவும் கிடையாது.

வேலூர் சிஎம்சியில கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை செஞ்சு, அதோட முடிவு 2024 டிசம்பர்ல வெளியாச்சு. சிகிச்சைக்கு அப்புறம் அவங்களுக்கு ரத்தக்கசிவே வரலைன்னு படிச்சதும் அண்ணனுக்கு ஃபார்வர்ட் பண்ணினேன். "சூப்பர்டா. அது எனக்கு வர்ற வரைக்கும் ஸ்டூல் இருக்கு"ன்னு ரிப்ளை வந்துச்சு.

அடுத்த மாசம் நம்ம காலேஜுக்கு வர்ற கம்பெனிக்காரங்க பிபிடி போட்டு முடிச்சதும் "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்பாங்க. வழக்கமா யாராவது பாண்டு எத்தனை வருஷம்னு கேட்போம். இந்தத் தடவை ஒருத்தர் கை தூக்கி, "உங்க சமவாய்ப்புக் கொள்கை எங்கே இருக்கு சார், லிங்க் கொடுங்க"ன்னு கேளுங்க. உங்களுக்கு எந்த நோயும் இல்லாம இருந்தா இன்னும் நல்லது. கேட்கிற ஆள் மேல சந்தேகம் வராது, பின்வரிசையில பேனாவோட உட்கார்ந்திருக்கிறவருக்குப் பதில் கிடைச்சிடும்.